அவருக்கு மட்டும் பத்து மில்லி

ஜனவரி 8, ஞாயிறு

முப்பத்தொரு வருடம் பெண்கள் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் கரைசல் கலந்து கொடுத்தேன். ஓய்வு பெற்று எட்டு மாதம் கழித்து இன்று வீட்டில் காக்டெய்ல் கலந்து கொடுத்தேன். அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஜெபமாலையாலேயே அடித்திருப்பாள்.

யோசனை என்னுடையதுதான். என் வீட்டுக்காரருக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்திருக்கிறது, சர்க்கரையும் இருக்கிறது. குடியைக் குறைக்கச் சொன்னார் டாக்டர். இவர் குறைத்தது டாக்டரிடம் போவதை. மின்துறையில் இருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் ஞாயிறு பூசை முடிந்ததும் முத்துவேல் அண்ணாவோடும் பாஸ்டினோடும் பாருக்குப் போய்விட்டு மூன்று மணிக்குக் கண் சிவக்க வருவதுதான் வழக்கம். முத்துவேல் அண்ணா இவரோடு ஒரே பிரிவில் வேலை பார்த்தவர். பூசைக்கு வர மாட்டார், ஆனால் பூசை எப்போது முடியும் என்று எங்கள் பங்குச் சாமியாரை விட அவருக்கு நன்றாகத் தெரியும். பாஸ்டின் எங்கள் கோயில் பாடற்குழுவில் இருபத்தேழு வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறார். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை, தனியாள்.

"அந்தக் கண்றாவியை வீட்டுக்கே கொண்டாந்து வையுங்க. நான் கலந்து தரேன்" என்றேன். கண் முன்னால் இருந்தால் ஒரு அளவில் நிற்பார் என்பது என் கணக்கு.

பழைய ரம், நன்னாரி சர்பத், எலுமிச்சை, கொஞ்சம் உப்பு, சோடா. அளவு ஜாடி வைத்து ஆளுக்கு நாற்பத்தைந்து மில்லி. குலுக்குவதற்கு மூடி இறுக்கமான ஊறுகாய் பாட்டில். வறுத்த நெத்திலி தொட்டுக்கொள்ள.

"தங்கச்சி, இந்தக் கைய இத்தினி வருசமா எங்க வச்சிருந்தே?" என்று முத்துவேல் அண்ணா கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன். இவர் நாலு கிளாஸ் குடித்துவிட்டு வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார்.

ஜனவரி 9, திங்கள்

வெறும் வயிற்றில் சர்க்கரை 268. என் கணக்கு தப்பு.

ஜனவரி 22, ஞாயிறு

எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். இவர் இந்த டைரியைத் தொட மாட்டார், பேப்பர் படிக்கவே கண்ணாடி தேட வேண்டும் என்று சோம்பல்படுகிற மனுஷன். எழுதுகிறேன்.

மற்ற இரண்டு கிளாஸிலும் நாற்பத்தைந்து மில்லி. இவர் கிளாஸில் பத்து.

குடிக்கிறவர்கள் என்னவோ பெரிய ருசி தெரிந்தவர்கள் மாதிரி பேசுகிறார்களே தவிர, தொண்டை எரிந்தால் போதும், சரக்கு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். எரிச்சலுக்கு இஞ்சிச் சாறும் நசுக்கிய மிளகும் போட்டேன். மூக்குக்காக கிளாஸின் விளிம்பில் விரலால் ரம்மைத் தடவினேன். லேசான கசப்புக்கு எலுமிச்சைத் தோலைப் பிழிந்து விட்டேன். மாறிப் போகாமல் இருக்க இவர் கிளாஸில் மட்டும் எலுமிச்சையை வட்டமாக வெட்டிச் செருகினேன்.

ஒரு வாய் குடித்துவிட்டுத் தலையை உதறினார். "அமலி, இன்னைக்கு செம ஸ்ட்ராங்கு" என்றார். நான் அடுப்படிக்குள் போய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன்.

நாளைக்குச் சர்க்கரை என்ன என்று பார்த்து எழுதுகிறேன். ஏமாற்றுவது பாவம்தான். கல்லீரல் வெந்து போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டும் புண்ணியமா?

ஜனவரி 23, திங்கள்

171.

பிப்ரவரி 5, ஞாயிறு

கொய்யாப்பழச் சாறு, வோட்கா, விளிம்பில் மிளகாய்த் தூளும் உப்பும். சிவப்புக் கொய்யா, சரியான பதத்தில் பழுத்திருந்தது. வடிகட்டத்தான் கை ஒடிந்தது, விதை அவ்வளவு.

முத்துவேல் அண்ணாவும் பாஸ்டினும் மூன்றோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இவர் ஆறு. ஆறாவதைக் குடித்துவிட்டு எழுந்து நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் இருபது எண்ணிக் காட்டினார். பாஸ்டின் கை தட்டினார்.

"எங்களுக்கு மூணுக்கே நாக்கு கொழகொழங்குது. அண்ணனுக்கு ஒண்ணும் ஆவறதில்லையே அண்ணி."

"அது ரத்தத்துல இருக்கணும் பாஸ்டின்" என்றார் இவர்.

ரத்தத்தில் இருந்தது இஞ்சி. நிதானமாக இருப்பவர் இவர் ஒருவர்தானே, அதனால் பாஸ்டினை ஸ்கூட்டரில் கொண்டு போய் விடும் வேலை இவருக்கு வந்துவிட்டது. போன மாதம் வரை இவரைத்தான் ஆட்டோவில் ஏற்றி அனுப்புவார்கள். முத்துவேல் அண்ணா 'ஆறு கிளாஸ் செபா' என்று பட்டமே கொடுத்துவிட்டார். செபாஸ்தியான் என்ற பேருக்கு இப்படி ஒரு மரியாதை.

பாஸ்டினை விட்டுவிட்டு வந்தவர் நேராக அடுப்படிக்கு வந்தார். நான் கழுவிக் கொடுத்த கிளாஸை எல்லாம் துண்டால் துடைத்து வைத்தார். முப்பத்து மூன்று வருடத்தில் இதைச் செய்ததில்லை. பிறகு, கையில் இருந்த கிளாஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "உன்னைக் காரைக்கால் போக விட்டிருக்கணும் அமலி. நான்தான் கெடுத்துட்டேன்."

தொண்ணூற்றெட்டில் காரைக்கால் கல்லூரிக்குப் பதவி உயர்வோடு எனக்கு மாற்றல் வந்தது. ஆய்வகத்துக்கே பொறுப்பாளர். "நீ அங்க, நான் இங்கன்னா அது குடும்பமா?" என்றார், நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டேன். எனக்கு அடுத்தவள் போனாள். கடைசி வரை உதவியாளராகவே இருந்து ஓய்வு பெற்றேன். அதைப் பற்றி இவர் வாயைத் திறந்ததே இல்லை.

"போதையில உளர்றேன்னு நினைக்காதே" என்றார்.

நினைக்கவில்லை. அளந்து ஊற்றியவள் நான்தானே.

பிப்ரவரி 6, திங்கள்

நேற்று சொன்னது எதுவும் நினைவில்லாத மாதிரி இட்லிக்குச் சட்னி காரம் என்று சண்டை போட்டார்.

பிப்ரவரி 19, ஞாயிறு

புதன்கிழமை சாம்பல் புதன். தவக்காலம் நாற்பது நாளும் இவரும் பாஸ்டினும் தொட மாட்டார்கள். "உங்க சாமிக்காக நானும் விரதம்" என்கிறார் முத்துவேல் அண்ணா, தனியாகக் குடிக்கப் பிடிக்காது என்பதுதான் விஷயம்.

ஈஸ்டர் முடிந்து அடுத்த ஞாயிறு அவர் வீட்டில் விருந்தாம், சமையல் அவரும் அவர் மனைவி கஸ்தூரியும். "எப்பவும் நீயே செஞ்சிக்கினு இருக்கியே தங்கச்சி, ஒரு வாட்டி நானும் கஸ்தூரியும் செய்றோம். நீ ராணி மாதிரி உக்காரு. அந்தக் கொய்யாப்பழத்தை மட்டும் எப்படின்னு எழுதிக் குடு."

ஒரு அட்டையில் எழுதிக் கொடுத்தேன். கொய்யாச் சாறு இவ்வளவு, எலுமிச்சை இவ்வளவு, வோட்கா நாற்பத்தைந்து மில்லி. வேறு என்ன எழுதுவது? எல்லோருக்கும் ஒரு அளவு, இவருக்கு ஒரு அளவு என்று எழுத முடியுமா?

சாயங்காலம் கிளாஸ் கழுவும்போது இவர் வருவார் என்று எதிர்பார்த்தேன். வந்தார். அவருடைய அம்மா என்னைப் படுத்தியதை எல்லாம் வரிசையாகச் சொல்லி, அப்போது பேசாமல் இருந்தது தப்பு என்றார். கழுவின கிளாஸையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன், பேச்சு நின்றுவிடக் கூடாதென்று.

மார்ச் 12, ஞாயிறு

சர்க்கரை 138. கல்லீரலும் பரவாயில்லை என்கிறது ரிப்போர்ட். நான் சந்தோஷப்பட வேண்டும். வீடு வெறிச்சென்று இருக்கிறது. சாயங்காலம் பாத்திரம் கழுவினேன், இவர் டி.வி. பார்த்தார்.

ஏப்ரல் 6, வியாழன்

பெரிய வியாழன். சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். கோபம், பொறாமை, பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிப் பேசியது. பத்து மில்லியைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை. அது மருத்துவம்.

ஏப்ரல் 16, ஞாயிறு

சுருக்கமாக எழுதுகிறேன்.

முத்துவேல் அண்ணா வீட்டு விருந்துக்குப் போயிருந்தோம். மதியம் மூன்றரை மணிக்கு இவர் வழக்கம் போல பாஸ்டினை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார். மைதானத்துத் திருப்பத்தில் மணலில் சறுக்கி இருவரும் விழுந்துவிட்டார்கள். வேறு வண்டி எதுவும் வரவில்லை, மாதா காப்பாற்றினாள். இவருக்கு நெற்றியில் ஏழு தையல், தோளில் சிராய்ப்பு. பாஸ்டினுக்கு வலது கை. மணிக்கட்டும் முழங்கையும் நொறுங்கிவிட்டது என்கிறார்கள்.

நான் உள்ளே கஸ்தூரியோடு பாயசத்தில் இருந்தேன். இவர் எத்தனை கிளாஸ் குடித்தார் என்று கவனிக்கவில்லை.

ஏப்ரல் 18, செவ்வாய்

பாஸ்டினுக்கு ஆபரேஷன் முடிந்தது. தகடு வைத்திருக்கிறார்கள். விரல் அசையுமா என்று கேட்டதற்கு டாக்டர், "மொதல்ல எலும்பு சேரட்டும்" என்றார்.

இவர் கட்டிலில் படுத்துக்கொண்டு முகட்டைப் பார்த்தபடியே சொல்கிறார்: "எனக்கு அஞ்சு கிளாஸ் ஒரு கணக்கா அமலி? உன் கையால ஆறு குடிச்சிட்டு நூறு தடவை வண்டி ஓட்டியிருக்கேன். முத்துவேல் என்னத்தையோ கலந்துட்டான். மட்டமான சரக்கு. இல்லேன்னா அளவு தெரியாம கவுத்துட்டான்."

"நாப்பது நாள் தொடாம இருந்து ஒரேயடியா குடிச்சா அப்படித்தான் தூக்கும்" என்றேன்.

இருக்கலாம் அல்லவா? அதுவும் ஒரு காரணம்தானே?

ஏப்ரல் 23, ஞாயிறு

முத்துவேல் அண்ணா வந்தார். இவர் அவரைப் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். உள்ளே கூப்பிட எனக்கும் வாய் வரவில்லை. வாசற்படியிலேயே நின்றார்.

சட்டைப் பையிலிருந்து நான் எழுதிக் கொடுத்த அட்டையை எடுத்தார். கொய்யாச் சாறு பட்டு ஓரம் சிவந்திருந்தது.

"நாப்பத்தஞ்சுன்னு எழுதியிருக்கே தங்கச்சி. நாப்பத்தஞ்சுதான் ஊத்தினேன். அளக்க ஒண்ணும் இல்லேன்னு பேரனோட பால் பாட்டில்ல அளந்தேன். அதுல கோடு போட்டிருக்கும் இல்ல, முப்பதுக்கு ஒண்ணு, அறுபதுக்கு ஒண்ணு. ரெண்டுக்கும் நடுவுல. கஸ்தூரி கூட திட்டினா. எங்களுக்கு ஊத்தின அதே அளவுதான் செபாவுக்கும் ஊத்தினேன். அவன் ஆறு கிளாஸ் ஆளாச்சேன்னுதான் அஞ்சாவதைக் குடுத்தேன். நீயே சொல்லு, இந்த அளவுல ஒருத்தன் இப்படி விழுவானா? நீ அளவு தெரிஞ்ச ஆளு. நான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்."

அட்டை என் கையெழுத்து. நான் அதை வாங்கிப் படிக்கிற மாதிரி பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"வெயிலு வேற அன்னிக்கு. என்னன்னு சொல்றது அண்ணா" என்றேன்.

தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார்.

ஏப்ரல் 24, திங்கள்

இவர்கள் விழுந்த அன்று நான் எழுதியது பொய். எனக்கு நானே எழுதிக்கொள்வதிலும் பொய், எவ்வளவு கேவலம்.

கவனித்தேன். ஒவ்வொரு கிளாஸையும் எண்ணினேன். மூன்றாவது கிளாஸை இவர் எடுக்கும்போது அடுப்படி வாசலுக்கு வந்து, "போதுங்க" என்றேன். இவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "பாத்தியா, வீட்டுல ஆறு ஊத்துறவ இங்க மூணுக்கே போதுங்கிறா. முத்துவேல் சரக்கு தீந்துடும்னு கவலை." எல்லோரும் சிரித்தார்கள். கஸ்தூரி என் தோளைப் பிடித்து, "உட்ருங்கக்கா, என்னிக்கோ ஒரு நாள்" என்றாள்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் ஆறும் சேர்ந்தே அறுபது மில்லிதான் என்று ஒரு வார்த்தை. அவமானமாகப் போயிருக்கும், நாலு பேர் முன்னால் இவர் முகம் செத்திருக்கும், அன்றோடு அடுப்படிப் பேச்சும் முடிந்திருக்கும். பாஸ்டின் கை இருந்திருக்கும்.

சாவியை இவர் எடுத்தபோதும் பார்த்தேன். பாயசக் கரண்டி என் கையில் இருந்தது.

மே 14, ஞாயிறு

பாஸ்டினைப் பார்க்கக் கோழி சூப் எடுத்துக்கொண்டு போனேன். கட்டுப் பிரித்துவிட்டார்கள். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் பாதி மடிந்து நிற்கின்றன, விரியவும் இல்லை, மூடவும் இல்லை. பயிற்சி செய்ய ஒரு ரப்பர் பந்து கொடுத்திருக்கிறார்கள். கீபோர்டின் மேல் போர்வை போர்த்தியிருந்தது.

முகம் வழுவழுவென்று சவரம் செய்திருந்தது. யார் செய்துவிட்டது என்று கேட்டேன்.

"முத்துவேல் அண்ணன்தான் அண்ணி. தெனம் ஏழு மணிக்கு வந்துடுறாரு. சவரம் பண்ணி, சட்டை மாட்டி, பட்டன் போட்டு, டிபன் வாங்கிக் குடுத்துட்டுப் போறாரு. வேணாம்னா கேக்கறதில்ல. என்னாலதானே உனக்கு இந்தக் கதின்னு ஒரே பேச்சு. எனக்கே கஷ்டமா இருக்கு."

சூப்பை ஸ்பூனால் ஊட்டினேன். சொல்லவில்லை.

மே 28, ஞாயிறு

பூசையில் ஒரு சின்னப் பெண் கீபோர்டு வாசித்தது. இரண்டு இடத்தில் தடுமாறியது, குழந்தை. பாஸ்டின் பின் வரிசையில் நின்று பாடினார்.

கோயில் வாசலில் எங்கள் தெரு ஜெபக் கூட்டமான அன்பியத்துப் பெண்கள் என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "அந்த முத்துவேல்தானேக்கா ஊத்திக் குடுத்தது? நம்ம ஆளுங்களை இழுத்துக் கெடுக்கிறதே அந்த மனுஷன்தான்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

நான் "ம்" என்றேன்.

ஒரே ஒரு "ம்". ஆறு வாரமாக வாயை மூடிக்கொண்டிருந்தது வேறு. இன்று அந்த நல்ல மனுஷன் தலையில் நானே கல்லைத் தூக்கிப் போட்டேன்.

ஜூன் 4, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

மதியம் சாப்பிடும்போது இவர் மறுபடி ஆரம்பித்தார், முத்துவேல் மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன் என்று. நான் தட்டை நகர்த்தி வைத்தேன்.

"அவர் சரியாத்தான் ஊத்தினார். நான்தான் ஊத்தலை."

"என்ன ஊத்தலை?"

"உங்களுக்கு. ஜனவரியிலேர்ந்து. அவங்களுக்கு நாப்பத்தஞ்சு மில்லி, உங்களுக்குப் பத்து."

சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஆறு கிளாஸ் குடிச்சேனே?"

"ஆறும் சேத்து அறுபது. மீதி இஞ்சியும் மிளகும்."

கத்துவார், தட்டு பறக்கும் என்று தயாராக இருந்தேன். கையைக் கழுவிவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். நெற்றித் தழும்பைத் தடவிக்கொண்டே இருந்தார். "ஒத்தக் கால்ல நின்னு காட்டினேன். உள்ளுக்குள்ள சிரிச்சிருப்பே."

"மொதல்ல சிரிச்சேன். அப்புறம் இல்லை."

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு அது உறைத்தது. முகம் மாறியதை நான் பார்த்தேன். "அப்போ காரைக்கால் பத்திச் சொன்னேனே, அம்மாவைப் பத்தி... நான் போதையில இல்லை."

"இல்லை."

"அது உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"அதைக் கேக்கத்தான் தொடர்ந்து ஊத்தினியா?"

கல்லீரலுக்காக என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மை, ரிப்போர்ட் இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மேலும் ஒரு பொய்யைத் தாங்க என்னால் முடியாது. "கொஞ்சம் அதுக்காகவும்தான்" என்றேன்.

"நீ கேட்டதே இல்லையே அமலி. ஒரு தடவை கேட்டிருந்தா வெறும் வாயிலயே சொல்லியிருப்பேன்."

சொல்லியிருக்க மாட்டார். ஆனாலும் நான் கேட்டதில்லை என்பது நிஜம்.

ஜூன் 7, புதன்

மூன்று நாளாக "சாப்பாடு", "கதவு", "மாத்திரை" தவிரப் பேச்சில்லை. இன்று காலை, "முத்துவேல்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும். ஏன் கேக்கறேன்னு நீதான் சொல்லணும்" என்றார். பாஸ்டினிடம் முதலில் போகலாம் என்றேன். சரி என்றார்.

ஜூன் 10, சனி

பாஸ்டின் வீட்டில் பத்து நிமிடம்தான். நான் சொல்லி முடிக்கும் வரை ரப்பர் பந்தை அழுத்திக்கொண்டே கேட்டார். "அண்ணன் நல்லா இருக்கணும்னு செஞ்சிருக்கீங்க. விழறது எழுதியிருந்தா விழத்தான் வேணும் அண்ணி" என்றார். காலில் விழப் போனேன், இடது கையால் பிடித்துத் தூக்கிவிட்டார். "டீ போட்டுக் குடுங்க. நீங்க போட்ட டீ குடிச்சி ரெண்டு மாசம் ஆவுது" என்றார். கை போனவர் அவர். அவருக்கு மன்னிக்க டீ ஆறும் நேரம் கூட ஆகவில்லை.

அந்தத் தெம்பில்தான் முத்துவேல் அண்ணா வீட்டுக்குப் போனேன்.

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார், கை கால் ஓடவில்லை அவருக்கு. "வா செபா. வா தங்கச்சி. கஸ்தூரி, யாரு வந்துக்கிறாங்க பாரு."

கண்ணுக்கு என்ன என்று இவர் கேட்டார். கஸ்தூரிதான் பதில் சொன்னாள். "புரை ஆபரேசன் பண்ணி பத்து நாள் ஆவுது. இன்னும் ரெண்டு வருசம் தாங்கும், அவசரம் இல்லேன்னுதான் டாக்டரு சொன்னாரு. இவரு கேட்டாத்தானே. அன்னிக்கு பாட்டில்ல கோடு சரியா தெரியாம ஊத்திட்டேன், கண்ணுதான் கோளாறுன்னு ஒரே பிடியா நின்னு அறுத்துக்கினாரு."

தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபடியே எல்லாவற்றையும் சொன்னேன், பத்து மில்லி, இஞ்சி, மிளகு, எலுமிச்சை வட்டம், அன்றைக்கு அடுப்படி வாசலில் நான் எண்ணியது. கோயில் வாசலில் "ம்" சொன்னதையும் சொன்னேன். அதை விட்டுவிட்டால் மற்றதைச் சொல்லியும் பிரயோஜனம் இல்லை.

முத்துவேல் அண்ணா கண்ணாடியைக் கழற்றினார். கண் இன்னும் சிவந்துதான் இருந்தது. "அப்போ நான் சரியாத்தான் ஊத்தினேனா?"

"சரியாத்தான் ஊத்தினீங்க அண்ணா. நான் எழுதின அளவுதான்."

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சு அண்ணா."

இவர் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடுடா முத்துவேல், என்னென்னவோ பேசிட்டேன்" என்று அழுதார். முத்துவேல் அண்ணா அவர் முதுகைத் தட்டினார். "நீ இன்னா பண்ணுவே செபா. உனக்கும்தானே தெரியாது." அவ்வளவுதான், இவர்கள் இருவருக்குள் முடிந்துவிட்டது.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அட்டைய எடுத்துக்கினு வந்தேனே. அன்னிக்குத் தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணா."

"வாசல்ல நின்னுக்கினு கேட்டேன்."

"தெரியும்."

"நீ அளவு தெரிஞ்ச ஆளுன்னு சொன்னேன். நீ வெயிலுன்னே."

கஸ்தூரி மோர் கொண்டு வந்தவள் என் பக்கம் வராமல் இவரிடம் மட்டும் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. முத்துவேல் அண்ணா குரலை உயர்த்தவே இல்லை, பக்கத்து வீட்டுக்கு வழி சொல்கிற மாதிரி சொன்னார்.

"வர்ற வாரத்துக்கு அடுத்த ஞாயிறு பாஸ்டினையும் கூட்டிக்கினு உங்க வீட்டுக்கு வர்றேன். செபா கூட பேசி ரெண்டு மாசம் ஆவுது, எனக்கும் வேற யாரு இருக்காங்க. ஆனா உன் கையால ஒரு வாய் தண்ணி கூட எனக்கு வேணாம் தங்கச்சி."

ஜூன் 25, ஞாயிறு

வந்தார்கள். பதினோரு மணிக்கே வெயில் மண்டையைப் பிளந்தது.

மசால்வடை சுட்டேன். பாஸ்டின் நாலு தின்றார், இடது கையாலேயே டீயும் குடித்தார், இன்னொரு டீயும் கேட்டு வாங்கிக் குடித்தார். முத்துவேல் அண்ணாவும் இவரும் ஆபீஸ் கதை பேசினார்கள். மின்கம்பத்தில் ஏறி இறங்கத் தெரியாமல் மாட்டிக்கொண்ட ஆளைப் பற்றிப் பேசி இரண்டு முறை சத்தமாகச் சிரித்தார்கள். அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சிரிப்பு கேட்டு எவ்வளவு நாளாகிவிட்டது.

நான் ஒரு சொம்பு நிறையத் தண்ணீரும் கிளாஸும் கொண்டு போய் முத்துவேல் அண்ணா பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். அவர் பார்த்தார், தொடவில்லை. பேச்சுக்கு நடுவே தொண்டையைச் செருமிக்கொண்டார், துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். ஒன்றரை மணி நேரம் இருந்தார்.

"வர்றேம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். தெருமுனைக் கடையில் முத்துவேல் அண்ணா நின்றிருந்தார். கடைக்காரர் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தார். அங்கேயே மூடியைத் திருகி, அண்ணாந்து, நடுவில் நிறுத்தாமல் முழுவதையும் குடித்தார். பிறகு சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு பாஸ்டினோடு நடந்து போனார்.